வன்னியில் வைன் முந்திரிகை: குழி வெட்டுவதிலிருந்து சாறு சோதிப்பது வரை

முந்திரிகைக் கொடி நட நினைப்பவர் முதலில் விசாரிப்பது எந்த இனம், எவ்வளவு உரம் என்பதைத்தான். இந்த வழிகாட்டி அதற்கும் முந்திய வேலையில் தொடங்குகிறது. காணியை வெட்டிப் பார்ப்பது, அந்த மண் பழத்தின் புளிப்பையும் நிறத்தையும் எப்படி மாற்றும் என்று கணிப்பது, திருத்தக்கூடியதைச் சரியான ஒழுங்கில் திருத்துவது ஆகியவை இதில் அடங்கும். பந்தல் போட்ட பிறகு மண்ணின் குறை தெரியவந்தால் தூணையும் கம்பியையும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

வைன் உற்பத்திக்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனால் இங்கே சொல்வது பழத்தின் சாறு வரைக்குமே. சாறு பிழைத்துப் போனால் அதற்குப் பிறகு எந்தக் கைத்திறனும் முழுதாகத் திருத்தாது.

## 1. முதலில் தெரிய வேண்டியது: மண் எந்த வழியால் பழத்துக்குப் போகிறது

சுண்ணக்கல் நிலத்துப் பழத்தில் சுண்ணாம்புச் சுவையும் கல்லு நிலத்துப் பழத்தில் கல்லின் மணமும் வரும் என்று நினைத்துக் காணி தேடுகிறவர்கள் உண்டு. அப்படி நடப்பதில்லை. வேர் எடுப்பது நீரில் கரைந்த அயன்களை, அதாவது கனியுப்புகளின் நுண்துகள்களை மட்டுமே. வைனில் அவற்றின் அளவு மிகக் குறைவு, பெரும்பாலானவற்றுக்குச் சுவையும் கிடையாது.

மண் வேலை செய்வது வேறு வழிகளால். முதலாவது நீர். எவ்வளவு நீரைப் பிடித்து, எவ்வளவு வேகமாக விடுகிறது என்பது காயின் பருமனைத் தீர்மானிக்கும். நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருப்பதால், சிறிய காயில் சாற்றுக்குத் தோல் அதிகம், வைன் அடர்த்தியாகும். இரண்டாவது தழைச்சத்து. அது கூடினால் இலை பெருத்துக் குலை நிழலுக்குள் போகும், நிறம் குறையும், பச்சை மணம் தங்கும். மூன்றாவது பொட்டாசியம். இது சாற்றின் புளிப்பை அடிக்கும் (5ஆம் பகுதியில் விரிவாக). நான்காவது வேர் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது.

பிரான்சின் போர்தோவில் மெடொக் தோட்டங்களை ஆராய்ந்த ஜெரார் செகான் வந்த முடிவும் இதுதான்: நல்ல தோட்டங்களுக்குப் பொதுவானது மண்ணின் இரசாயனம் அல்ல, மாரியில் நீரை வடியவிட்டுக் கோடையில் சிறிது சிறிதாகக் கொடுக்கும் அதன் அமைப்பு. ஆகவே வன்னியிலும் முதலில் பார்க்க வேண்டியது நீரின் போக்கை. இரசாயனம் அதற்குப் பிறகு.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது. போர்தோவில் குளிர்கால மழை கொட்டும்போது கொடி இலையுதிர்த்து உறங்குகிறது, வேர் சில நாள் நீரில் நின்றாலும் தாங்கும். இங்கே ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கொடி விழித்திருக்கிறது. விழித்திருக்கும் வேர் நீருக்குள் மூச்சுத் திணறி அழுகும். அந்த நாட்டுப் புத்தகத்தில் ‘கொடி தாங்கும்’ என்று எழுதிய மண் இங்கே தாங்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

## 2. வேண்டிய பொருளும் காலமும்

மண்வெட்டி, அலவாங்கு, அளவு நாடா, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல், வினாகிரி, 2 அங்குல பிவிசி குழாய் (1.5 மீற்றர் நீளம், பக்கவாட்டில் துளையிட்டது), கையடக்க பிஎச் மானி, மண்ணிலும் நீரிலும் உவரை அளக்கும் மின்கடத்துதிறன் மானி, பழச்சாற்றின் சீனி அளக்கும் பிறிக்ஸ் மானி. கடைசி மூன்றையும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் போதும்.

காலம்: ஆவணி, புரட்டாதியில் குழி வெட்டுங்கள். மண் காய்ந்திருக்கும், அடுக்குகள் தெளிவாகத் தெரியும். மார்கழியில் அதே காணியில் நீர்மட்டம் அளக்க வேண்டும். இந்த இரண்டு பார்வையும் இல்லாமல் நடக்கூடாது. கோடையில் மட்டும் பார்த்தால் எல்லாக் காணியும் நல்ல காணியாகத்தான் தெரியும்.

வன்னியில் இன்னொன்றும் கட்டாயம். ஆழமாக வெட்டும் முன், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். மேலே பயிர் செய்த காணி என்பதற்காக ஒரு மீற்றர் கீழே வெட்டுவது பாதுகாப்பு என்று ஆகாது. சந்தேகமான உலோகப் பொருள் தெரிந்தால் தொடாமல், அடையாளம் வைத்து விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.

## 3. குழி வெட்டிப் படித்தல்

ஒரு குழி போதாது. சரிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வன்னிக் காணிகள் குளத்தையோ வயலையோ நோக்கி மெல்ல இறங்குகின்றன. மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்வில் ஒன்றாக மூன்று குழி, ஒவ்வொன்றும் 1.2 மீற்றர் ஆழம், ஆள் இறங்கி நிற்கும் அகலம்.

அதிகம் நடக்கும் பிழை கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டுவது. நீர் கிட்டத்தில் கிடைக்கும் என்பதால்தான் கிணறு தாழ்வில் வெட்டப்பட்டிருக்கும். அங்குள்ள மண் மற்ற இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

குழியின் வெயில்படும் சுவரைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். மண்வெட்டி தேய்த்த பளபளப்புக்குள் உண்மையான அடுக்கு மறைந்திருக்கும். பிறகு மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

நிறம். செம்மையும் கபிலமும் காற்றோட்டத்தின் அடையாளம். சாம்பல் நிறத்துக்குள் செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், வருடத்தில் சில கிழமை அந்த ஆழம் நீரில் ஊறிக் கிடக்கிறது. புள்ளி தொடங்கும் ஆழத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள். அதுதான் உங்கள் வேரின் உண்மையான எல்லை. 80 சென்ரிமீற்றரைவிட ஆழத்தில் தொடங்கினால் நல்லது. 50 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள்ளேயே தொடங்கினால் அந்தப் பகுதியை வயலுக்கு விடுங்கள்.

வேர். பக்கத்துப் பற்றை, மரங்களின் மெல்லிய வேர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் எல்லா வேரும் திரும்பிக் கிடையாக ஓடினால் அங்கே இறுகிய தட்டு இருக்கிறது. அலவாங்கைப் போட்டால் ஒலியே மாறும். உழவு இயந்திரம் பல வருடம் ஒரே ஆழத்தில் உழுததால் வந்த தட்டை உடைக்கலாம். பாறை என்றால் உடைக்க முடியாது.

சரளை. செங்கபில மண்ணில் ஓரடி இரண்டடிக்குக் கீழே வெள்ளைக் குவார்ட்சுக் கற்கள் கலந்த அடுக்கு வருவது சகஜம். மரக்கறித் தோட்டக்காரருக்கு அது தொல்லை. வைன் பழத்துக்கு அது வரம்: நீர் வடியும், கொடி அடங்கி வளரும், காய் சிறுக்கும். கற்களுக்கு இடையில் மண் இருக்கிறதா என்று விரலால் கிண்டிப் பாருங்கள். இருந்தால் வேர் நுழையும்.

சுண்ணாம்பு. ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்ச மண்ணில் வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. பலமாக நுரைக்கும் மண்ணில் கொடிக்கு இரும்புச்சத்து எடுபடாது, இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வரும்.

கடைசியாகப் போத்தல். மூன்றிலொரு பங்கு மண், மிச்சம் நீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடையும், வண்டல் சில மணித்தியாலத்தில், களி ஒரு நாளுக்கு மேல். நீர் தெளிந்த பிறகு நாடாவால் மூன்று படையையும் அளந்தால் விகிதம் கையில். ஒவ்வொரு அடுக்குக்கும் தனிப் போத்தல் வேண்டும். மேல்மண்ணை மட்டும் சோதித்துவிட்டுக் கீழே களி கிடந்ததை மாரியில் அறிகிறவர்கள் பலர்.

## 4. நீர் வடிவதை அளத்தல்

குழியின் அடியில் 30 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு சிறு குழி எடுத்து நீர் நிரப்புங்கள். முதல் நீரைக் கணக்கில் எடுக்கவேண்டாம். காய்ந்த மண் அதைக் குடித்துவிடும், வடிதல் நன்றாக இருப்பதுபோல ஏமாற்றும். வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுங்கள்.

மணிக்கு 2 முதல் 10 சென்ரிமீற்றர் நல்லது. 1க்குக் குறைந்தால் திருத்தாமல் நட முடியாது. 15க்கு மேலே போனால் அது மணல். கொடி வரும், ஆனால் இறைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி செய்ய வேண்டும்.

அடுத்து மார்கழிப் பார்வை. துளையிட்ட குழாயை 1.4 மீற்றர் ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் மேல்வாயில் களியால் அடைத்து, வாயை மூடுங்கள். திறந்த குழியைப் பார்த்து நீர்மட்டம் சொல்லக்கூடாது. மேல்வெள்ளம் ஓடி விழுந்து அது நிரம்பிவிடும். பெருமழை விட்டு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஒரு தடியை விட்டு அளவுங்கள். ஏழாம் நாளிலும் நீர் தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் நின்றால் அந்த இடத்தில் கொடி நிலைக்காது.

## 5. உங்கள் மண் எது, அது என்ன குணம் கொடுக்கும்

செங்கபில மேட்டு மண். வவுனியா, முல்லைத்தீவின் உட்பகுதிகளில் பாலையும் வீரையும் முதிரையும் நின்ற மேட்டுக்காணிகள் பெரும்பாலும் இது. காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும். வன்னியில் வைன் பழத்துக்கு முதலில் தேட வேண்டியது இந்த மேட்டின் சரளைப் பகுதியை. கோடையில் தானாகவே மெல்ல வற்றுவதால் காய் சிறுத்து நிறமும் துவர்ப்பும் ஏறும். இறுகும் குணம்தான் இதன் குறை. வருடம் முழுக்க வைக்கோல், கிளிசறியா இலையால் மூடிவைத்தால் இளகும்.

செம்மஞ்சள் லட்டோசோல். மன்னார், முல்லைத்தீவுப் பக்கங்களில் ஆழமான, அடுக்குத் தெரியாத, நீர் வேகமாக இறங்கும் மண். வேர் தாராளமாக இறங்கும். சத்துக் குறைவு, அதனால் கொடியின் வளர்ச்சி உங்கள் கையில் இருக்கும். மெல்லிய, மணம் முந்தி நிற்கும் பழத்துக்கு ஏற்றது. தென் அவுஸ்திரேலியாவின் கூனவாராவில் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் மெல்லிதாகக் கிடக்கிறது. அதற்கு நெருங்கிய அமைப்பு யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்பாட்டு மண்ணே அன்றி இது அல்ல. நிறத்தை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக நினைக்கவேண்டாம்.

தாழ்வின் சாம்பல் மண். வயல் மண். நடவேண்டாம். கோடையில் கொடி பச்சையாகச் செழித்து ஏமாற்றும். பழம் பெருத்து, நீர்த்து, நிறமில்லாமல் வரும். அடுத்த மாரியில் வேர் போகும்.

முருங்கன் களி. கோடையில் கை நுழையும் அளவு வெடித்து, மாரியில் வீங்கும் கருங்களி. போர்தோவின் பொமெரோலில் வீங்கும் களியில் மெர்லோ என்ற வைன் இனம் பெயர் பெற்றது உண்மை. ஆனால் 1ஆம் பகுதியில் சொன்ன காரணத்தால் அந்தப் பாடம் இங்கே பொருந்தாது. வெடிக்கும்போது இளவேரும் அறும்.

கரையோர மணல். வேர்முடிச்சு நெமற்றோடு புழுவுக்கு மணல்தான் வீடு. தாங்கும் வேர்க்கட்டையில் ஒட்டிய கன்று இல்லாமல் இங்கே தொடங்கக்கூடாது. உவர்நீர்க் கிணறும் இங்கேதான் அதிகம்.

இனி ஆய்வுகூடம். காணியில் 15 இடத்தில் வளைந்து வளைந்து நடந்து மண் எடுத்து, 0–30, 30–60 சென்ரிமீற்றர் இரண்டையும் தனித்தனியாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ அனுப்புங்கள். எங்கே கொடுப்பது என்று விவசாயப் போதனாசிரியர் சொல்வார். உரம் போட்ட இடம், எரித்த சாம்பல் கிடந்த இடம், மாட்டுப்பட்டி நின்ற இடம் மூன்றையும் தவிருங்கள்.

அறிக்கையில் மூன்றைப் பாருங்கள். பிஎச் 6 முதல் 7.5 வரை இருந்தால் அதைத் தொடவேண்டாம். நிரம்பிய மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.5 டெசிசீமனைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். கிணற்று நீர் 1க்குள் இருக்க வேண்டும். அதைச் சித்திரையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை அளவுங்கள், கோடை முற்ற முற்ற உவர் ஏறும்.

மூன்றாவது பொட்டாசியம். பழத்துக்குப் பொட்டாசு நல்லது என்று கேட்டுப் பழகியவர்கள் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுகிறார்கள். சாப்பிடும் பழத்துக்கு அது பெரிய கேடில்லை. வைனுக்குக் கேடு. முந்திரிகையின் தார்த்தாரிக்கமிலத்தோடு பொட்டாசியம் சேர்ந்து உப்பாகப் படியும், சாற்றின் பிஎச் ஏறும், அதாவது புளிப்பு குறையும். பிஎச் ஏறிய வைனில் சிவப்பு மங்கிக் கபிலமாகும், கிருமி எளிதில் வளரும், காக்கப் போடும் கந்தக மருந்தும் வலுவிழக்கும். அறிக்கையில் பொட்டாசியம் போதும் என்று வந்தால் பொட்டாசு உரமும் சாம்பலும் வேண்டாம்.

## 6. திருத்தும் ஒழுங்கு

ஒழுங்கு மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்: வடிகால், ஆழ உடைத்தல், இரசாயனத் திருத்தம், மேடு, எரு, கடைசியில் தூண்.

வடிகால் வாய்க்காலை மேட்டுப் பக்க எல்லையில் முதலில் வெட்டுங்கள். அயற்காணியின் வெள்ளம் உள்ளே வராமல் தடுப்பது உள்ளே வந்ததை வடிப்பதைவிட எளிது.

இறுகிய தட்டை மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உடைக்க வேண்டும். ஈரக் களியில் ஆழ உழுதால் தட்டு நொறுங்காது, வழுவழுப்பாகப் பூசிக்கொள்ளும். முன்பைவிடக் கேடு.

சோடியம் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம் போடலாம், ஆனால் வடிகால் இல்லாமல் போட்டால் பயனில்லை. ஜிப்சம் விடுவித்த சோடியம் கழுவிப் போக வழி வேண்டும். அளவை அறிக்கையைப் பார்த்தே தீர்மானியுங்கள்.

பிறகு வரிசைக்கு வரிசை 45 சென்ரிமீற்றர் உயரம், ஒரு மீற்றருக்குக் குறையாத அகலத்தில் மேடு கட்டுங்கள். சரிவை மெல்லத் தழுவி ஓடவேண்டும். நேர் சரிவில் கட்டினால் முதல் மாரியே அரித்துவிடும்.

எருவில்தான் பலர் கை தாராளமாகிறது. இரண்டடிக் குழி வெட்டி, முழுக்க மாட்டெருவும் மேல்மண்ணும் நிரப்பி நடுகிறார்கள். வேர் அந்தச் செழிப்பை விட்டு வெளியே போகாமல் குழிக்குள்ளேயே பூச்சாடியில் சுற்றுவதுபோலச் சுற்றும். களியில் அதே குழி மாரியில் நீர்த்தொட்டியாகும். வெட்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள், மக்கிய எரு 5 கிலோ போதும், அதுவும் மேல் ஓரடியில். குழிச் சுவரை அலவாங்கால் கீறிவிடுங்கள். மிச்ச எருவை வரிசை முழுக்கப் பரப்பினால் வேர் தேடிப் போகும்.

நடுகை தை பிற்பகுதியில். பெருமழை விட்டிருக்கும், ஈரம் மிச்சமிருக்கும். செழித்த மண்ணில் கொடிக்குக் கொடி 2.5 மீற்றர், சரளை மேட்டில் 1.5 மீற்றர் விடலாம். யாழ்ப்பாணத்தில் பரவலாக நடும் இஸ்ரேல் புளூ கிடைப்பதற்கு எளிது. ஒரே இனத்தை மூன்று குழிப் பகுதியிலும் நடுங்கள். இனம் மாறினால் வேறுபாடு மண்ணுடையதா இனத்துடையதா என்று பிரிக்க முடியாது.

## 7. கத்தரிப்பையும் இறைப்பையும் மண்ணுக்குப் பொருத்துதல்

கத்தரித்து ஏறத்தாழ 110 முதல் 120 நாளில் பழம் முற்றும். தை இறுதியில் கத்தரித்தால் வைகாசி பிற்பகுதியில், வறண்ட சோளகக் காற்றில் பழம் பழுக்கும். அடுத்த கத்தரிப்பை ஆனித் தொடக்கத்துக்குப் பிந்தவிட்டால் அறுவடை மழைக்குள் போய், காய் வெடித்து, பூஞ்சணம் பிடிக்கும்.

இறைப்புக் கணக்கு: கோடையில் கொடியின் நிழல் 4 சதுர மீற்றர் என்றால் நாளுக்கு 12 முதல் 16 லீற்றர். பூவிலிருந்து காய் பிடிக்கும்வரை இது முழுதாகக் கிடைக்கவேண்டும். காய் பட்டாணி அளவானதிலிருந்து நிறம் திரும்பும்வரை மூன்றிலொரு பங்கு குறையுங்கள். அந்த நேரத்து அளவான தாகமே காயைச் சிறுக்க வைக்கிறது. நிறம் திரும்பிய பிறகு அதே குறைந்த அளவைத் தொடருங்கள், நிறுத்திவிட வேண்டாம். எங்கள் வெயிலில் முற்றாக நிறுத்தினால் அடியிலை உதிர்ந்து குலை வேகும், புளிப்பும் போகும்.

அளவு சரியா என்று கொடியின் நுனி சொல்லும். காலை ஏழு மணிக்குப் பத்துக் கொடியில் நுனியைப் பாருங்கள். பற்றுச்சுருள் நுனியையும் தாண்டி நீட்டி நின்றால் நீர் அதிகம். நுனிக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ நின்றால் நீங்கள் விரும்பிய அளவு. சுருள் மஞ்சளாகித் தொட்டவுடன் உதிர்ந்தால் அன்றே இறையுங்கள். இந்தப் பார்வைக்குக் காசு செலவில்லை.

மணலில் இதே அளவை நாள்தோறும் பிரித்துக் கொடுங்கள். செங்கபில மண்ணில் நான்கு நாளுக்கு ஒருமுறை சேர்த்துக் கொடுக்கலாம். நீண்ட நாள் காயவிட்டு, பயந்துபோய் ஒரேயடியாக வெள்ளம் பாய்ச்சுவதுதான் கடைசி மாதத்தில் காய் வெடிப்பதற்குக் காரணம்.

மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெயிலை மாற்றாது. சூட்டில் மாலிக்கமிலம் எரிந்துபோகும், 35 பாகைக்கு மேலே தோலின் நிறமும் பிடிக்காது. அதனால் பிற்பகல் வெயில் படும் பக்கத்து இலைகளைக் கிள்ளக்கூடாது. காலை வெயில் படும் பக்கத்தை மட்டும் திறந்துவிடுங்கள்.

## 8. சாற்றில் மண்ணைப் படித்தல்

நிறம் திரும்பி மூன்றாம் கிழமையிலிருந்து, நான்கு நாளுக்கு ஒருமுறை, காலையில் வெயில் ஏறும் முன் சோதியுங்கள். மேடு, நடு, தாழ்வு மூன்றிலும் தனித்தனியாக 100 காய். குலையின் தோள், நடு, நுனி மூன்றிலிருந்தும், வரிசையின் இரு பக்கத்திலிருந்தும் எடுக்கவேண்டும். கண்ணுக்கு அழகான காயை மட்டும் பொறுக்கினால் சீனி கூடுதலாகக் காட்டும்.

முதலில் 100 காயையும் நிறுங்கள். பிறகு பையிலிட்டுப் பிசைந்து, சாற்றை வடித்து, பிறிக்ஸும் பிஎச்சும் எடுங்கள். விதையையும் பாருங்கள். கபிலமாகிக் கடித்தால் நொறுங்க வேண்டும், பச்சை விதையின் துவர்ப்பு வைனில் கசப்பாகும்.

சிவப்புக்கு 22 முதல் 24 பிறிக்ஸும் 3.3 முதல் 3.6 வரை பிஎச்சும் நல்ல இடம். இரண்டும் ஒன்றாக வராத வருடத்தில் பிஎச்சைப் பார்த்து அறுவடை செய்யுங்கள். 3.8ஐத் தாண்டிய சாற்றைக் காப்பது கடினம்.

எண்கள் மண்ணைக் காட்டும் விதம் இது. நிறை அதிகம், பிறிக்ஸ் குறைவு என்றால் அந்தப் பகுதி நீரை அதிகம் பிடிக்கிறது: அடுத்த முறை இறைப்பைக் குறைத்து, வரிசை நடுவில் பயறு அல்லது புல் வளரவிடுங்கள். பிறிக்ஸ் 20க்குக் கீழே நிற்கும்போதே பிஎச் ஏறிவிட்டால் பொட்டாசியத்தையும் இலை நிழலையும் சந்தேகியுங்கள். நிறை மிகக் குறைந்து காய் சுருங்கியிருந்தால் தாகம் அளவு மீறிவிட்டது, அல்லது வேர் தட்டில் முட்டி நிற்கிறது. அலவாங்கை எடுத்துக் கொடியிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி மீண்டும் வெட்டிப் பாருங்கள்.

மூன்று பகுதியின் பழத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். கலந்தால் நடுத்தரமான ஒரே சாறு கிடைக்கும், எந்த மண் எதைத் தந்தது என்பதும் தெரியாமல் போகும். பகுதி மாறும் இடத்துத் தூணில் அறுவடை அன்றே வர்ணம் பூசி அடையாளமிடுங்கள். அடுத்த கத்தரிப்பும் இறைப்பும் அந்தக் கோட்டிலிருந்து வெவ்வேறாகப் பிரியும்.